பம்பை: பெயர் எங்கிருந்து வந்தது?

குடியாத்தத்துக்காரன்:
வைகாசி முதல் நாள், கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். பம்பை மேளச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. என் மகள், “பம்பைன்னா சபரிமலை ஆறுதானேப்பா?” என்றாள். முழித்தேன். பெயருக்கு என்ன பொருள்?

ஆரணி வாத்தியார்:
பம்புதல் என்றால் ஒலித்தல்; செறிதல், பரவுதல் என்றும் பொருள் உண்டு. முதல் பொருளே இந்தக் கருவிக்குப் பொருந்துகிறது என்பேன். ஆற்றோடு குழப்ப வேண்டாம்.

காட்பாடி அக்கா:
செறிதல் என்றதும் ஞாபகம் வருகிறது. எண்ணெய் வைக்காமல் பள்ளிக்கூடம் கிளம்பினால் எங்கள் ஆயா, “பம்பைத் தலையோட எங்கடி போற?” என்பார். மேளத்தைச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன்! அடர்ந்த பரட்டைத் தலையாம்.

குடியாத்தத்துக்காரன்:
அட! சரி, இரண்டு மேளம் கட்டியிருக்கிறதே, இரண்டும் சேர்ந்துதான் பம்பையா?

ஆரணி வாத்தியார்:
ஆமாம், ஜோடிக்கே அந்தப் பெயர். ஒன்று மரம், ஒன்று பித்தளை. இடுப்புக்கு முன்னால் கட்டிக்கொண்டு ஒரே ஆள் இரண்டையும் வாசிப்பார். நம் பக்கம் ஆடியில் கூழ் ஊற்றும்போது, “பம்பைக்காரருக்குச் சொல்லியாச்சா?” என்பதுதான் முதல் கேள்வி. உடன் கைச்சிலம்பும் வரும்.