பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் ஸ்காட்லாந்து தனிநாடாவதை லேபர் கட்சி ஏன் எதிர்த்தது?

சேலத்தான்:
2016-ல் ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருக்க வாக்களித்தார்கள். ஆனாலும் 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டனோடு சேர்ந்து வெளியேற வேண்டியதாகிவிட்டது. இன்னொரு தனிநாடு வாக்கெடுப்புக்கு ஆளும் கன்சர்வேட்டிவ் மறுத்தது புரிகிறது. ஒன்றியத்தில் நீடிக்கப் பிரசாரம் செய்த லேபர், எதிர்க்கட்சியாக இருந்தும் ஏன் அதே பக்கம் நின்றது?

கிளைடுக்கரை:
கிளாஸ்கோவில் நர்ஸாக இருக்கிறேன். இதை 2014-லிருந்து பார்க்க வேண்டும் தம்பி. அந்த ஆண்டு நடந்த தனிநாடு வாக்கெடுப்பில் லேபரும் கன்சர்வேட்டிவும் 'வேண்டாம்' என்ற ஒரே அணி. அணித் தலைவர் அலிஸ்டர் டார்லிங், லேபர்காரர். 55-க்கு 45 என்று ஜெயித்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் ஸ்காட்லாந்தில் லேபர் வைத்திருந்த 41 இடங்களில் 40 பறிபோனது. தனிநாடு கேட்டவர்கள் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியான எஸ்.என்.பி. பக்கம் போய்விட்டார்கள். மிச்சம் நின்றவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனோடு இருக்க விரும்பியவர்கள். அவர்களையும் இழக்கக் கட்சிக்குத் துணிச்சல் இல்லை.

அதனால்தான் தடுமாற்றம். 2019 ஆகஸ்டில் லேபரின் மூத்த தலைவர் ஜான் மெக்டானல் எடின்பரோவில் வைத்து, வாக்கெடுப்பைத் தடுக்க மாட்டோம் என்றார். ஸ்காட்டிஷ் லேபர் தலைவர் ரிச்சர்ட் லெனர்டுக்கே அது பிடிக்கவில்லை. கட்சித் தலைவராக ஸ்டார்மர் வந்ததும் கதவைச் சாத்தினார். பதிலுக்கு முன்னாள் பிரதமர் கார்டன் பிரவுன் தலைமையில் ஒரு குழு போட்டார். நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையை எடுத்துவிட்டு, தேசங்களுக்கும் பிராந்தியங்களுக்குமான அவை வேண்டும் என்று அந்தக் குழு 2022-ல் சொன்னது.

என் கோபம் வேறு. 'ஐரோப்பாவில் இருக்க வேண்டுமா, பிரிட்டனோடு இருங்கள்' என்பது 2014-ல் அந்த அணியின் வாதங்களில் ஒன்று. அதை நம்பி என் வார்டில் இருக்கும் போலந்துக்காரத் தோழி 'வேண்டாம்' என்று போட்டாள். அப்போது ஒன்றியக் குடிமக்களுக்கு இங்கே வாக்கு இருந்தது. 2016-ல் அவளுக்கு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த எனக்கு, காமன்வெல்த் என்பதால், இருந்தது! அப்புறம் ஒருநாள் மதிய இடைவேளையில், இங்கே தொடர்ந்து இருக்க அனுமதி கேட்டு போன் ஆப்பில் பாஸ்போர்ட்டை மறுபடி மறுபடி ஸ்கேன் செய்துகொண்டிருந்தாள். டீ ஆறிப்போனது. அவளுக்குச் சொல்ல லேபரிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

வடகரை:
அக்கா, வருத்தம் நியாயம்தான். ஆனால் ஸ்காட்லாந்தின் வியாபாரத்தில் பாதிக்கு மேல் பிரிட்டனின் மற்ற பகுதிகளோடு நடக்கிறது. தனிநாடாகி ஒன்றியத்தில் சேர்ந்தால் இங்கிலாந்து எல்லையில் பெர்விக் பக்கத்தில் சுங்கச் சோதனை வரும். பிரெக்ஸிட்டே இவ்வளவு படுத்தியபோது, இன்னொரு பிரிவு எதற்கு என்று லேபர் கேட்டது தப்பா?

கிளைடுக்கரை:
தப்பில்லை. எல்லைச் சிக்கல் நிஜம், அதைச் சொல்லி 'வேண்டாம்' என்று வாக்குக் கேட்கட்டும். மக்களிடம் கேட்கவே கூடாது என்பதற்கு அது காரணமாகாது. லண்டன் சம்மதிக்காமல் ஸ்காட்டிஷ் நாடாளுமன்றம் வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரி, லண்டன் எப்போது சம்மதிக்கும்? வட அயர்லாந்துக்கு 1998 அமைதி ஒப்பந்தத்திலேயே விடை இருக்கிறது: பெரும்பான்மையோர் பிரிட்டனைவிட்டுப் பிரிவதை ஆதரிப்பார்கள் என்று தெரிந்தால் பிரிட்டிஷ் அமைச்சர் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். ஸ்காட்லாந்துக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை. 2024-ல் லேபருக்கு இங்கே 37 இடங்கள் திரும்பக் கிடைத்தன. எதிர்க்கட்சியாக இருந்த காலத்திலேயே அந்த ஒரு வரியை வாக்குறுதியாகக் கொடுத்திருக்கலாம்.