பாடுமுன் குரலைப் பதமாக்குதல்: பாரிட்டோன் குரல்காரர்களின் அனுபவங்கள்

சென்னை, சர்ச் கொயரில் பேஸ் பாடுகிறவர்:

நாலு பாகமாகப் பாடும் கொயரில் சொப்ரானோ (பெண்களின் மேல் குரல்), ஆல்டோ (பெண்களின் கீழ் குரல்), டெனர் (ஆண்களின் மேல் குரல்), பேஸ் (ஆண்களின் கீழ் குரல்) என்று நாலு வரிசைதான். டெனருக்கும் பேஸுக்கும் நடுவில் உள்ள ஆண் குரலான பாரிட்டோனுக்கென்று தனி வரிசை கிடையாது. ஆனால் கொயருக்கு வரும் ஆண்களில் பாதிக்கு மேல் பாரிட்டோன் குரல்தான். எந்தப் பக்கம் ஆள் குறைகிறதோ அந்தப் பக்கம் நம்மை நிற்க வைப்பார்கள். டெனரில் நின்றால் மேலே எஃப், ஜி என்ற மேற்கத்திய ஸ்வரங்களை எட்ட வேண்டும். பேஸில் நின்றால் கீழே ஜி, எஃப் என்று இறங்க வேண்டும். இரண்டுமே நம் குரலின் ஓரங்கள். அதனால் பாடுமுன் குரலைப் பதமாக்கும் பயிற்சி மற்றவர்களைவிட நமக்குத்தான் அதிகம் தேவை. ஆனால் பல இடங்களில் அந்தப் பயிற்சியே நம் குரலைக் கெடுத்துவிடுகிறது.

நான் முன்பு பாடிக்கொண்டிருந்த ஒரு கொயரில் சனிக்கிழமை பிராக்டிஸ் இப்படித்தான் தொடங்கும். கீபோர்டில் சி மேஜர் கார்ட் விழும். எல்லோரும் சேர்ந்து டோ ரே மீ ஃபா சோ ஃபா மீ ரே டோ. ஒவ்வொரு சுற்றுக்கும் அரை ஸ்வரம் ஏறும், சொப்ரானோக்கள் தங்கள் உச்சத்தைத் தொடும்வரை நிற்காது. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாட வேண்டும். சொப்ரானோவுக்குச் சுகமாக வரும் அந்த மேல் ஏ, ஒரு ஸ்தாயி கீழே வந்தால் 440 ஹெர்ட்ஸ். டெனருக்கே அது உழைப்பு, பாரிட்டோனுக்கு அது கத்தல். கத்தி முடித்த கையோடு பாமாலை என்ற சர்ச் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பேஸில் கீழ் ஜி பாடச் சொல்வார்கள். வெறும் காற்றுதான் வரும். "பேஸ் கேட்கவே இல்லையே" என்று திட்டும் கிடைக்கும்.

அப்புறம் ஒரு பயிற்சி முகாமில் குரல் ஆசிரியர் ஒருவர் ஆண்களைத் தனியாக அழைத்தார். பியானோவில் மிடில் சி-க்கு (நடுவில் உள்ள சி) மேலே உள்ள டி, ஈ ஃபிளாட், ஈ மூன்றையும் தட்டிக் காட்டினார். பாரிட்டோன் குரல் மார்பு ஒலியிலிருந்து (மார்பில் அதிரும் கனத்த ஒலி) தலை ஒலிக்கு (தலையில் அதிரும் லேசான ஒலி) மாறத் தொடங்குவது அங்கேதான் என்றார். டெனருக்கு அந்த மாற்றம் எஃப் ஷார்ப், ஜி பக்கம்தான் வரும். ஆகவே டெனருக்கு ஏற்ற பயிற்சியை பாரிட்டோன் அப்படியே பாடினால், மாற வேண்டிய இடத்தில் மாறாமல் கனத்தையும் சேர்த்து மேலே இழுத்துக்கொண்டு போவான். அவர் சொன்ன தீர்வு ரொம்ப எளிது. கூட்டமாகப் பாடும்போது ஈ-யைத் தாண்டினால் நிறுத்திவிடு, அடுத்த சுற்றில் ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்துகொள்.

அவரிடம் கற்ற வரிசையைத்தான் இன்றும் செய்கிறேன். சாதாரணமாகப் பேசும் சுருதியில், அதாவது கீழ் ஏ, பி, சி பக்கம், வாயை மூடி "ம்ம்" என்று ஆரம்பம். பிறகு உதட்டைத் தளர்த்தி, குழந்தைகள் பஸ் ஓட்டுகிற மாதிரி பர்ர்ர் என்று அதிரவிட்டு ஐந்து ஸ்வரங்கள். இதில் முக்கியமானது, மேலிருந்து கீழே வருவது: சோ ஃபா மீ ரே டோ. கீழே ஆரம்பித்து ஏறினால் கீழ் ஸ்வரத்தின் கனம் மேலே கூடவே வரும். மேலே லேசாக ஆரம்பித்து இறங்கினால் அந்த லேசு கீழே வரும். அடுத்து கீழ் ஸ்வரங்களுக்கு "நீ", "மீ". கனமான குரல் வேண்டும் என்று நம் ஆட்கள் "ஓ" என்று தொண்டையைக் கீழே அமுக்கிப் பாடுவார்கள், ஒலி பின்னாலேயே தங்கிவிடும். "ஈ"யில் கீழ் ஜி பாடிப் பாருங்கள், சன்னமாக இருந்தாலும் கடைசி பெஞ்சு வரை கேட்கும்.

மேலே போவதைக் கடைசியில்தான் செய்வேன். டோ மீ சோ மேல் டோ, "ஆ"வில். டி-யைத் தாண்டும்போது "ஆ"வை அகலத் திறக்காமல் "ஓ" பக்கம் கொஞ்சம் குவித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றைப் பழகுவதற்குத்தான் எனக்கு அதிக காலம் ஆயிற்று. மொத்தம் பதினைந்து நிமிடம் போதும்.

கர்நாடக சங்கீத மாணவர், தஞ்சாவூர்ப் பக்கம்:

அண்ணா, நீங்கள் சொன்ன கதை அப்படியே எங்கள் வகுப்பிலும் உண்டு. கொயருக்குப் பதில் சுருதிப் பெட்டி, அவ்வளவுதான். குரல் உடைந்த பிறகு நான் சேர்ந்த முதல் வகுப்பில் ஆண்கள் எல்லோருக்கும் சுருதி இரண்டு கட்டை, அதாவது சட்ஜமம் (ஸ) டி-யில். அதில் தார ஸ்தாயி (மேல் ஸ்தாயி) பஞ்சமம் (ப) நீங்கள் சொன்ன அதே ஏ, 440 ஹெர்ட்ஸ். வர்ணத்தின் சரண ஸ்வரம் வந்தாலே கழுத்து நரம்பு புடைக்கும். "சாதகம் (பயிற்சி) போதாது" என்பார்கள்.

இப்போதைய வாத்தியார் முதல் நாளே சுருதியை ஏழு கட்டைக்குக் கொண்டுவந்தார். அதாவது சட்ஜமம் ஒரு கட்டைக்கும் அரை ஸ்வரம் கீழே, சுமார் 123 ஹெர்ட்ஸ். தார பஞ்சமம் 370-க்கு இறங்கியது. மந்தர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம் 92 பக்கம் போனது, அதுவும் வந்தது. "சின்னக் குரல்காரன் பெரிய குரல்காரனைப் பார்த்து ஏங்கக்கூடாது, பெரிய குரல்காரனும் சின்னக் குரலுக்கு ஆசைப்படக்கூடாது" என்பார். கனத்த குரலுக்குப் பெயர்போன கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் (1923–1984) பாடிய சுருதியையும் நிதானத்தையும் கேட்கச் சொன்னார். கனத்த குரலுக்கு அவசரமே தேவையில்லை என்று அதைக் கேட்டபோது புரிந்தது. எனக்கு அது பெரிய தைரியம்.

விடியற்கால மந்தர சாதகம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தூங்கி எழுந்ததும் குரல் எல்லோருக்கும் கீழேதான் இருக்கும். இரவு முழுக்கப் படுத்திருந்ததில் குரல் நாண்கள் லேசாக வீங்கியிருக்கும், சளி படிந்திருக்கும், தசையும் தளர்ந்திருக்கும். அந்த நேரத்தில் மந்தர மத்யமம், காந்தாரம்கூட விழும். அதை நம்முடைய எல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, குளித்துச் சாப்பிட்டபின் அது இருக்காது. அந்த ஒலியைப் பகலில் தேடி தொண்டையை அமுக்கினால் கரகரப்புதான் மிஞ்சும். எங்கள் வாத்தியார் முதலில் மத்திய ஸ்தாயியில் மாயாமாளவகௌளை ராகத்தின் சரளி வரிசையை (தொடக்க ஸ்வரப் பயிற்சி) அகாரத்தில் ("ஆ" என்று), மெல்லிய குரலில், முதல் காலத்தில் (மெதுவாக) பாடவைப்பார். பிறகுதான் ஸ நி த ப என்று மந்தரம். சத்தம் கூட்டவே விடமாட்டார். இறங்க இறங்கக் குரல் சின்னதாவது இயற்கை, அதை ஏற்றுக்கொள் என்பார்.

மெல்லிசைக் குழுப் பாடகர், மதுரை:

கோயில் திருவிழா மேடையில் பத்து மணிக்குக் கச்சேரி என்றால் பயிற்சி செய்ய இடம் எங்கே? வேனில்தான் செய்ய வேண்டும். ஜெனரேட்டர் ஒரு பக்கம், ஒலிபெருக்கி ஒரு பக்கம். இந்த மாதிரிச் சத்தத்தில் வாய்விட்டுப் பயிற்சி செய்தால் நம்மை அறியாமலே குரலை உயர்த்திவிடுவோம், அது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு. அதனால் நான் காதை நம்புவதில்லை. "ங்ங்" என்று மூக்கு வழியாக, கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் வழுக்கிக்கொண்டு போவேன். மேல் பல்லுக்குப் பின்னாலும் கன்ன எலும்பிலும் அதிர்வு தெரிந்தால் போதும், ஒலி காதில் விழ வேண்டியதில்லை.

சினிமாப் பாட்டுகளில் ஆண் குரல் பெரும்பாலும் டெனருக்கு அமைந்தது. கீபோர்டு தம்பியிடம் முதலிலேயே ஒன்றரை, இரண்டு ஸ்வரம் இறக்கச் சொல்லிவிடுவேன். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, எந்தப் பயிற்சியும் இதற்கு ஈடாகாது. இன்னொன்று, கச்சேரி முடிந்ததும் அப்படியே புரோட்டாக் கடைக்குப் போகாமல், வேனில் இரண்டு நிமிடம் "ம்ம்" என்று மேலிருந்து இறக்கிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பேன். மறுநாள் காலைக் குரலில் வித்தியாசம் தெரியும்.

குரல் பயிற்சி ஆசிரியை, கோயம்புத்தூர்:

சென்னைக்காரரும் மதுரைக்காரரும் வாயைப் பாதி மூடியே தொடங்குகிறீர்கள். காரணத்தையும் சொல்கிறேன். உதட்டையோ மூக்கையோ குறுகலான வழியாக்கிக் காற்றை விடும்போது கொஞ்சம் அழுத்தம் திரும்பி உள்ளே வருகிறது. அது குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் மெத்தென அதிர உதவுகிறது. குறைந்த மூச்சில் ஒலி கிளம்பும். இதையே ஸ்ட்ரா வழியாகச் செய்வதை அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸ் பரவலாக்கினார். டம்ளரில் தண்ணீர் வைத்து, ஸ்ட்ராவை இரண்டு விரல் ஆழம் நுழைத்து, குமிழி சீராக வரும்படி "ஊ" என்று ஊத வேண்டும். 2019-இல் நம் மாநிலத்தில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவைத் தடை செய்தபிறகு மாணவர்கள் காகித ஸ்ட்ரா கொண்டுவருகிறார்கள், அது ஊறி நசுங்கிவிடும். ஸ்டீல் ஸ்ட்ரா வாங்கிக்கொள்ளுங்கள்.

குரல் நாண்கள் அதிர்வதைக் கண்ணாடி வைத்துத் தன் தொண்டையிலேயே பார்த்து 1855-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியனுப்பிய மானுவேல் கார்சியாவும் பாரிட்டோன்தான். இளம் வயதிலேயே மேடையை விட்டுவிட்டுப் பாட்டு வாத்தியார் ஆனவர். என் பாரிட்டோன் மாணவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

வெந்நீர் குடித்தால் குரல் நாண் நனையும் என்று நம்புகிறவர்களுக்கு: குடிக்கிற தண்ணீர் உணவுக் குழாயில் போகிறது, நாணைத் தொடுவதில்லை. ஆவிதான் நேராகப் போய்ச் சேரும். தண்ணீர் உடம்பு வழியாகச் சுற்றித்தான் வேலை செய்யும், ஆகவே பாட நிற்கும்போது குடிப்பதைவிடக் காலையிலிருந்தே குடிப்பது நல்லது. பயிற்சியில் வலி வந்தால் உடனே நிறுத்துங்கள். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். கஷாயத்தில் நாள் கடத்த வேண்டாம்.

சென்னை, சர்ச் கொயரில் பேஸ் பாடுகிறவர்:

நன்றி மேடம். ஸ்ட்ராவை இந்த வாரமே தொடங்குகிறேன். தம்பி, உன் வாத்தியார் சொன்ன முதல் காலச் சரளியை எங்கள் பேஸ் வரிசையிலும் செய்து பார்க்க ஆசை, டோ ரே மீ-யில் பழகியவர்களுக்கு ரே-யும் லா-வும் அரை ஸ்வரம் இறங்குவது முதலில் இடிக்கும், ஆனால் காதுக்கு நல்ல வேலை. இப்போது இருக்கும் கொயரில் மாஸ்டரிடம் பேசியிருக்கிறேன். பாடுமுன் செய்யும் பயிற்சியை இரண்டாகப் பிரிக்கச் சம்மதித்திருக்கிறார்: பெண்களும் டெனர்களும் ஹாலில், நாங்கள் பக்கத்து சண்டே ஸ்கூல் அறையில். அங்கே பியானோ இல்லை, யாராவது போனில் சுருதி வைத்துக்கொண்டால் போதும்.