வீட்டுக் கணக்கில் நைனாவைச் சேர்க்கணுமா, வேணாமா?

ஒடுகத்தூர் ரோடு கேட்டது:

வணக்கம். எனக்கு 21 வயசு, ஊர் அணைக்கட்டு பக்கம் ஒரு கிராமம். ஓட்டேரி காலேஜில் பி.காம். முடித்துவிட்டு ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருக்கிறேன். தோல், நூல், பசை டின் எது உள்ளே வந்தது, எது லைனுக்குப் போனது என்று எழுதுகிற வேலை. எழுதி எழுதிப் பழகிவிட்டதால் யார் எதைச் சொன்னாலும் வரவு எங்கே, செலவு எங்கே என்றுதான் மனசு தேடுகிறது.

விஷயம் கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்தது. காலை ஆறேகாலுக்கு ஏறினால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் அரசியல். சூப்பர்வைசர் அண்ணா ஒருத்தர் இருக்கிறார். போன வாரம் அவர், "பஸ்ஸு ஃப்ரீ, அரிசி ஃப்ரீ, மாசம் ஆயிரம் ஃப்ரீ. எல்லாம் எங்க வரிப்பணம்மா. ஒவ்வொரு குடும்பத்துத் தலையிலயும் 2,63,976 ரூபாய் கடன் கீதுன்னு 2021-லயே தமிழக அரசோட வெள்ளை அறிக்கையில போட்டாங்க. அதைக் கட்டப் போறது நீங்கதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அரசுப் பள்ளியில் படித்துக் காலேஜ் சேர்ந்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் வந்ததால்தான் நான் கடைசி ரெண்டு வருஷம் காலேஜ் முடித்தேன். பதில் சொல்லத் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ராத்திரி ஒரு பழைய ஸ்டாக் நோட்டை எடுத்து எங்கள் வீட்டுக்கும் அரசாங்கத்துக்கும் ஒரு மாசக் கணக்கு போட்டேன்.

வரவு: அம்மாவுக்கு உரிமைத் தொகை 1,000. ரேஷன் அரிசி 20 கிலோ, கடையில் கிலோ 40 என்று வைத்தால் 800. பருப்பிலும் பாமாயிலிலும் மிச்சமாவது ஒரு 180. அம்மா டவுன் பஸ்ஸில் போய்வருவது இன்னொரு 180. மொத்தம் 2,160.

செலவு: மூன்று போனுக்கு 299 ரீசார்ஜ். அதில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., போனுக்கு 45 ரூபாய் 60 காசு வீதம் 137. அண்ணன் வண்டிக்கு மாசம் ஆயிரத்துக்குப் பெட்ரோல். நூறு ரூபாய்க்கு நாற்பதை ஒட்டி வரி என்கிறார்கள், ஆக 400. அப்புறம் எங்கள் நைனா, அதாவது அப்பா. வாரத்துக்கு மூன்று நாள் டாஸ்மாக் கடைக்குப் போவார். மாசம் 13 குவார்ட்டர், ஒன்று 140. அது மட்டும் 1,820. மொத்தம் 2,357.

ஆக, நைனாவைச் சேர்த்தால் அரசாங்கத்துக்கு நாங்கள் 197 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறோம். நைனாவை எடுத்துவிட்டால் 1,623 ரூபாய் வாங்கிக்கொண்டிருக்கிறோம். நோட்டை மூடிவிட்டுச் சிரித்தேன், அம்மா என்னடி என்று கேட்டும் சொல்லவில்லை.

இப்போது என் கேள்வி. இப்படிக் கணக்கு போடுவது சரியா? இதை வைத்து ஓட்டை முடிவு செய்யலாமா? எங்கள் பஸ்ஸில் ஒருத்தி நோட்டா என்கிறாள், இன்னொருத்தி "யார் காசு கொடுத்தாலும் வாங்கிக்கோ, இஷ்டத்துக்குப் போடு" என்கிறாள். 2024-இல் நான் முதல் ஓட்டு போட்டபோது அம்மா சொன்ன பட்டனைத்தான் அழுத்தினேன், மறைக்க என்ன இருக்கிறது.

இன்னொன்று. எங்கள் தெருவில் நாலு வருஷத்துக்குள் ரெண்டு தடவை சிமெண்ட் ரோடு போட்டார்கள். பக்கத்துத் தெருவில் இன்னும் மண்தான், மழை வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். அந்தச் செலவை எங்கே பார்க்கலாம்? 2021-இல் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது எனக்கு 17. அடுத்த தடவை தெரிந்துகொண்டு போட வேண்டும் என்று ஆசை.

---

காட்பாடி ஜங்ஷன் பதில்:

தங்கச்சி, உன் நோட்டைப் பிரேம் போட்டு மாட்டணும். ஆனால் சூப்பர்வைசர் அண்ணா சொன்னதையும் அப்படியே தள்ளிவிட முடியாது. நான் பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன், 27 வயசு. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே டி.டி.எஸ். என்று வருமான வரியைப் பிடித்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் காட்பாடியில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அந்தப் பணம் எங்கே போனது என்று தேடிக்கொண்டேதான் நடக்கிறேன்.

என் கதை வேறு தமாஷ். வீடு வேலூர் மாநகராட்சி, சட்டமன்றத்துக்குக் காட்பாடி, நாடாளுமன்றத்துக்கு அரக்கோணம். வேலூர்க் கோட்டை எனக்கு ஆறேழு கிலோமீட்டர், என் எம்.பி. தொகுதியின் பெயரோ ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி இருக்கிறது. 2019-இல் வேலூர்த் தேர்தலை ஏப்ரல் 16 அன்று, ஓட்டுக்கு ரெண்டே நாள் இருக்கும்போது ரத்து செய்தார்களே, பணம் கட்டுக்கட்டாகப் பிடிபட்டது என்று? நாட்டிலேயே பண விஷயத்துக்காக ரத்தான முதல் மக்களவைத் தேர்தல் நம்முடையது. அப்போது அரக்கோணம் என்பதால் நான் 18-ஆம் தேதி ஓட்டு போட்டேன். பாலாற்றுக்கு இந்தப் பக்கம் விரலில் மை, அந்தப் பக்கம் வெறும் விரல். வேலூரில் இருக்கிற என் மாமா, "நீங்கள்லாம் ரொம்ப யோக்கியமோ" என்று போனில் கேட்டார்.

கவுன்சிலர் கதை அதைவிட மோசம். 2016-இல் காலம் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். நடுவில் அஞ்சு வருஷத்துக்கு மேல் வார்டுக்கு ஆளே இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரைக் கேட்பது? என் வயசுப் பையன்களுக்கு ஓட்டு மேல் நம்பிக்கை இல்லை என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

நோட்டா பற்றி: பட்டன் இருக்கிறது, பல் இல்லை. நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்ததாக அதிகம் வாங்கிய வேட்பாளர்தான் ஜெயிப்பார். ஆனால் 2019 ஆகஸ்ட் 5 அன்று வேலூரில் மறுபடி நடந்தபோது வித்தியாசம் 8,141 தான், நோட்டாவுக்கு விழுந்தது அதைவிட அதிகம். உன் தோழி போடுகிற நோட்டா ஒன்றும் செய்யாது என்றும் சொல்ல முடியாது. யாருக்கு என்ன செய்யும் என்பதை அவளால் முடிவு செய்ய முடியாது, அவ்வளவுதான்.

---

லுங்கி ஊர் அக்கா பதில்:

நான் குடியாத்தம் ஒன்றியத்தில் ஒரு ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருந்தவள். வயசு கேட்காதீர்கள்.

காட்பாடித் தம்பி, 2019-இல் எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். எம்.பி. தேர்தல் ரத்து, ஆனால் எம்.எல்.ஏ. இடைத்தேர்தல் அதே ஏப்ரல் 18 அன்று நடந்தது, எங்கள் குடியாத்தத்துக்கும் ஆம்பூருக்கும். நூறு நாள் வேலைக்கு வருகிற ஆயாக்கள் "ஒண்ணு நல்ல பணம், ஒண்ணு கெட்ட பணமா?" என்று என்னையே கேட்டார்கள். நாலு மாசத்தில் ரெண்டு தடவை மை.

பாப்பா, உன் கணக்குக்கு வருகிறேன். ரெண்டு தப்பு இருக்கிறது. முதலாவது, குவார்ட்டர் 140-உம் வரி இல்லை, அதில் சரக்கு விலையும் கம்பெனி லாபமும் இருக்கிறது. பெரும்பகுதி அரசுக்குப் போகிறது என்பது மட்டும் நிஜம். 2023-24-இல் மது விற்பனையில் தமிழக அரசுக்கு வந்த வருமானம் 45,856 கோடி. உரிமைத் தொகைக்கு 2024-25 பட்ஜெட்டில் ஒதுக்கியது 13,720 கோடி. ஒன்றுக்கு மூன்று பங்குக்கு மேல். உன் வீட்டில் நடப்பதுதான் மாநிலம் முழுக்க நடக்கிறது. "எங்க வரிப்பணம்" என்கிற சூப்பர்வைசரிடம் இதைச் சொல். சண்டைக்காக இல்லை, அவரும் வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளட்டும்.

ரெண்டாவது தப்பு பெரிசு. நீ 12 வருஷம் அரசுப் பள்ளியில் படித்தாயே, டீச்சர் சம்பளம் எங்கே எழுதினாய்? சத்துணவு, சைக்கிள், பிரசவ ஆஸ்பத்திரி? மாசக் கணக்கில் வராத இவற்றை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை, கைக்கு வருகிற ஆயிரம்தான் எல்லார் கண்ணிலும் படுகிறது. அப்புறம் உன் அம்மாவுக்கு வரும் ஆயிரமும் சோப்பு, எண்ணெய் என்று கடைக்குப் போய் ஒரு பங்கு வரியாகத் திரும்புகிறது. அதை எழுத ஆரம்பித்தால் நோட்டு பத்தாது, விட்டுவிடு.

ரோடு விஷயம். திருட்டு என்று உடனே முடிவு கட்டாதே. எங்கள் ஊரில் முதல் ரோடு போட்ட ஆறாம் மாசம் வீட்டுக்கு வீடு குடிநீர் இணைப்பு என்று நடுவில் வெட்டிப் பைப் இறக்கினார்கள். ரோடு ஒரு திட்டம், பைப் வேறு திட்டம், ரெண்டு ஆபீசும் பேசிக்கொள்வதில்லை. வெட்டின ரோட்டை மறுபடி போட இன்னொரு பில். திருட்டு இல்லை, ஆனால் பணம் போனது போனதுதான். உன் தெருவிலும் அப்படியா என்று முதலில் பார்.

பக்கத்துத் தெருவுக்கு ஏன் இல்லை என்றால் அதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள். 2021-26-க்கு மத்திய அரசின் 15-வது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்கே கட்டுப்பட்ட பணம், ரோட்டில் கொட்ட முடியாது. மீதி 40-இல்தான் ஊராட்சித் தலைவர் கை ஓடியது. அந்த 40 எந்தத் தெருவுக்குப் போனது என்பதில்தான் ஓட்டு, சாதி, சொந்தக்காரன் எல்லாம் வரும். சண்டை போடுவதாக இருந்தால் அங்கே போடு.

பார்க்கிற இடம்: இ-கிராம் ஸ்வராஜ் என்று ஒரு தளம். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வருஷம் தேர்ந்தெடுத்தால் என்ன வேலைக்கு எவ்வளவு என்று வரும். எல்லாம் இங்கிலீஷ், ஊர்ப் பெயரை விதவிதமாக எழுதியிருப்பார்கள், பொறுமை வேண்டும். அதில் வராததற்குப் பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும்.

கிராம சபைக்குப் போ. ஆகஸ்ட் 15 உனக்கும் லீவுதானே. ஆம்பளைங்க நாற்காலி, பொம்பளைங்க தரை, அது அப்படித்தான். ஒரு நோட்டு கைக்குக் கை வரும், கையெழுத்து போடச் சொல்வார்கள். மேலே தீர்மானம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடு. காலிப் பக்கத்தில் போடாதே. நானே நாலு தடவை போட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

---

பிரியாணி பார்ட்டி பதில்:

எனக்கு 19. ஆம்பூர். அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் கேள்வி கேட்டால் அடுத்த நாள் வீட்டுக்கு ஆள் வந்து "உன் பொண்ணு பெரிய இவளா" என்று அப்பாவிடம் கேட்பான். எங்கள் தெருவில் நடந்தது. தனியாகப் போகாதீங்க.

---

ஒடுகத்தூர் ரோடு மறுபடி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. அக்கா, டீச்சர் சம்பளத்தை எழுத உட்கார்ந்தேன், பாதியிலேயே விட்டுவிட்டேன். எனக்கு ஆறாவது எடுத்த கணக்கு டீச்சர் முகம் வந்துவிட்டது, அதற்கு எவ்வளவு போடுவது?

தளத்தில் தேடினேன். எங்கள் தெருப் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. ரெண்டாவது ரோடு கிடைத்தது, நீங்கள் சொன்னபடி பைப் வெட்டினதுக்கு அப்புறம் போட்டது. அம்மாவுக்கே நினைவிருந்தது. "ஆமா, உங்க அண்ணன் அந்தப் பள்ளத்துலதான வண்டியோட விழுந்தான்" என்றாள். முதல் ரோட்டை அதில் காணவில்லை. ஆனால் தெருமுனையில் வேலை விவரம் எழுதின சிமெண்ட் பலகை ஒன்று இருக்கிறது. பின்வீட்டு ஆயா அதன் மேல் வரட்டி தட்டி வைத்திருந்தார். காய்ந்த பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சி, நாலு வரட்டியைப் பெயர்த்தேன். வருஷம், தொகை, நீளம் 75 மீட்டர் என்று தெரிந்தது.

ஸ்டோர்ஸிலிருந்து 30 மீட்டர் டேப்பைக் கேட்டு வாங்கி வந்தேன் (கேட் பாஸ் போட்டுத்தான்). ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நானும் பஸ்ஸில் வருகிற நோட்டாக்காரியும் அளந்தோம். ஆயா வந்து, "மனை விக்கப் போறீங்களாம்மா, சதுரம் எவ்வளவு?" என்று கேட்டார். எங்கள் அளவில் 61 மீட்டர்தான் வருகிறது. கோயில் திருப்பத்தையும் சேர்த்து எழுதினார்களோ என்னவோ, அதைச் சேர்த்தால் 70 வரும். அப்பவும் அஞ்சு மீட்டர் இடிக்கிறது. ஆகஸ்ட் 15-க்குக் கேட்கப் போவது இந்த ஒன்றுதான். ஆம்பூர்த் தம்பி, தனியாக இல்லை, மண் தெருவிலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். சூப்பர்வைசர் அண்ணா தன் ஊரில் கேட்கிறேன் என்று இ-கிராம் ஸ்வராஜை என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

நோட்டு நைனா கண்ணில் பட்டுவிட்டது. "இதுல என் பேரையும் எழுதி வச்சிகீறியா?" என்றார். ஆமா என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு வெளியே போகவில்லை, அடுத்த நாள் போனார். இந்த மாசக் கணக்கில் 12.