புதுப்பிப்பு: ஆச்சியின் வெள்ளி ரூபாய்கள்

அம்பாசமுத்திரத்து ஆச்சி பெட்டியில் கிடந்த 1862 விக்டோரியா, 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் அசலா, என்ன விலை போகும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணாச்சிமாருக்கு நன்றி.

கைகொடுத்தது எடை போடச் சொன்ன யோசனைதான். சரியான எடை 11.66 கிராம், நகைக்கடைத் தராசில் இரண்டும் தேய்மானம் போக ஒத்துவந்தன. காந்தத்திலும் ஒட்டவில்லை. தேய்த்தால் மதிப்புக் குறையும் என்பதால், விபூதி போட்டுத் தேய்க்காமல் கறுப்போடுதான் நாணயம் தெரிந்தவர்களிடம் காட்டினேன்.

எதிர்பாராதது, பழைய 1862-ஐவிட 1911-க்குத்தான் மவுசு. 1862 என்று பொறித்தே பல வருஷம் அச்சடித்ததால் அது ஏராளம். போதாததற்கு, விளிம்பில் காசுமாலைக்கு வளையம் பற்றவைத்த தடம். அதற்கு வெள்ளி விலைதான் கிடைக்கும் என்றார்கள். 1911 காசில் மன்னர் உருவத்தின் அங்கியிலிருந்த யானை பன்றி மாதிரி இருக்கிறதென்று எதிர்ப்புக் கிளம்ப, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்களாம். எங்களுடையதில் அந்தப் 'பன்றி' தேயாமல் இருக்கிறது. விற்கிற எண்ணம் இல்லை.