பந்தல் டெலிகிராம் பாட் எழுத வெப்ஹூக்கா, கெட்அப்டேட்ஸா?

பினாங்குத் தொண்டர்:
தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியிலுள்ள பந்தல்களிலிருந்து "மோர் தீர்ந்துவிட்டது", "குழந்தை ஒன்று பெற்றோரைத் தேடுகிறது" என்று டெலிகிராம் குழுவுக்கு வரும் செய்திகளை, ஒருங்கிணைப்பு மேசையிலுள்ள மடிக்கணினியில் உடனுக்குடன் காட்டும் பாட் (தானியங்கி நிரல்) ஒன்றை எழுதுகிறோம். மேசையில் கைப்பேசி இணையம் மட்டுமே உண்டு. நாமே கேட்டுப் பெறும் கெட்அப்டேட்ஸ், டெலிகிராமே நமக்கு அனுப்பும் வெப்ஹூக் ஆகிய இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்த முடியாது என்பதால், எது நல்லது என்று கூறுங்கள்.

செந்தூல் நிரலாளர்:
வெப்ஹூக்தான். விநாடிக்கொருமுறை கேட்டுக்கொண்டே இருப்பது டேட்டாவுக்கு வீண். சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, எச்டிடிபிஎஸ் (மறையாக்க இணைப்பு) சான்றிதழுடன் 443ஆம் போர்ட்டை, அதாவது இணைப்பு வாயிலை, திறந்து வைத்தால் செய்தி தானே வந்து சேரும். சர்வர் தவறினால் டெலிகிராம் மீண்டும் அனுப்பிப் பார்க்கும்.

பட்டர்வொர்த் வாசி:
ஐயா, டைம்அவுட் (ஒரு கோரிக்கை விடைக்காகக் காத்திருக்கும் நேரம்) 0 ஆக இருந்தால்தான் அப்படிக் கேட்டுக்கொண்டே இருக்க நேரும். அது சோதனைக்கு மட்டுமே உரியது. அதை 50 விநாடியாக வைத்தால், டெலிகிராம் நம் கோரிக்கையைத் திறந்தே வைத்திருந்து, செய்தி வந்தவுடன் விடையளிக்கும். வெப்ஹூக்கில் எனக்குள்ள அச்சம் வேறு: சர்வர் 200 (வெற்றி) என்று பதிலளித்த கணமே, டெலிகிராமைப் பொறுத்தவரை செய்தி சேர்ந்துவிட்டது. சர்வருக்கும் மேசைக்கும் இடையிலான இணைப்பு கூட்ட நெரிசலில் அறுந்திருந்தால் அதை யார் கவனிப்பது? கெட்அப்டேட்ஸில் மடிக்கணினியே ஆஃப்செட் (எந்த எண்ணிலிருந்து செய்தி வேண்டும் என்ற குறிப்பு) மூலம் ஒப்புகை தருகிறது. அதுவரை செய்தி 24 மணி நேரம் வரை டெலிகிராமிலேயே காத்திருக்கும்.

செந்தூல் நிரலாளர்:
ஆஃப்செட்டை உயர்த்திக் கேட்டவுடன் முந்தைய செய்திகள் அனைத்தும் பெறப்பட்டதாகக் கருதப்படும். திரையில் காட்டும் முன் நிரல் நின்றுவிட்டால் அவை போய்விடும். மேலும், ஒரே டோக்கனை (பாட் இயங்குவதற்கான ரகசியச் சாவி) வைத்து இரண்டு மடிக்கணினிகள் ஒரே நேரத்தில் கேட்டால் 409 (மோதல்) பிழைதான் வரும். என் சர்வரிலுள்ள தரவுத்தளத்தை எத்தனை மேசைகளும் படிக்கலாமே!

பட்டர்வொர்த் வாசி:
முதலில் மடிக்கணினியிலுள்ள எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எழுதிவிட்டு, பிறகு ஆஃப்செட்டை உயர்த்தினால் எதுவும் தொலையாது. நடுவில் நின்றாலும் அதே அப்டேட் எண்ணுடன் (ஒவ்வொரு செய்திக்கும் டெலிகிராம் தரும் எண்) செய்தி திரும்ப வரும், இரட்டிப்பை நீக்கிக்கொள்ளலாம். இந்த எண் வெப்ஹூக்குக்கும் அவசியம். இயல்பாக 40 இணைப்புகள் வரை ஒரே நேரத்தில் வரக்கூடும் என்பதால், அங்கே வரிசை மாறவும் வாய்ப்புண்டு. பல மேசைகள் இருந்தால் நீங்கள் சொல்வதே சரி. ஒரே மேசைக்கு அத்தனை கட்டமைப்பு வேண்டியதில்லை.

பினாங்குத் தொண்டர்:
எங்களுக்கு ஒரே மேசைதான். கெட்அப்டேட்ஸையே எழுதுகிறோம்.

செந்தூல் நிரலாளர்:
அப்படியானால், சோதனைக்காக வெப்ஹூக் ஏதும் அமைத்திருந்தால் டெலீட்வெப்ஹூக்கை அழைத்து முதலில் நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை கெட்அப்டேட்ஸ் இயங்காது.