எல்எம்3886 ஸ்டீரியோ ஆம்புக்கு 24-0-24, 5 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?

தஞ்சை மாணவன்:
முதல் ஆம்ப் செய்கிறேன். எல்எம்3886 (ஒலியைப் பெருக்கும் ஐசி) போர்டு இரண்டு தயார். கடையில் 24-0-24 (நடு முனைக்கு இருபுறமும் 24 வோல்ட்), 5 ஆம்ப் என்று எழுதிய ஈ-ஐ (E, I வடிவ இரும்புத் தகடுகள் அடுக்கிய) டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டேன். நண்பன் பார்த்துவிட்டு, "இது உறுமும், டொராய்டல் போடு" என்கிறான். அது இதைப்போல் இரண்டு மடங்கு விலை. மாற்றலாமா?

ஈயப்புகை:
மாற்றுங்கள். டொராய்டல் கோர் வளையம் என்பதால் காந்தப்புலம் பெரும்பாலும் அதற்குள்ளேயே சுற்றும். ஈ-ஐயில் ஸ்டாம்பிங் தகடுகள் சேரும் இடத்தில் கசியும். பக்கத்தில் ப்ரீஆம்ப் (சின்ன சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி) இருந்தால் மெயின்ஸின் அந்த 50 ஹெர்ட்ஸை அப்படியே வாங்கிக்கொள்ளும். எடையும் உயரமும் மிச்சம்.

வால்வு ரேடியோ:
அவசரப்படாதே தம்பி. நான் ஈ-ஐ சுற்றியே காலம் தள்ளியவன். ப்ரைமரி (மெயின்ஸ் வரும்) முனைகளுக்கு ஸ்லீவ் போட்டு மூடு. பிறகு ஸ்க்ரூ இறுக்காமல் டிரான்ஸ்ஃபார்மரை மெல்லத் திருப்பிப் பார். ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் சட்டென்று இறங்கும். அங்கேயே இறுக்கிவிடு.

இன்னொன்று, காதைத் தீட்டிக் கேள். அடித்தொண்டையில் 50 ஹெர்ட்ஸ் என்றால் காந்தக் கசிவு. கரகரவென்று 100 ஹெர்ட்ஸ் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் மேல் பழி போடாதே, உன் கிரவுண்ட் வயரிங்தான். சென்டர் டாப் (24-0-24இல் அந்த 0 முனை) முதலில் இரண்டு ஃபில்டர் கண்டென்சர் சேரும் புள்ளிக்குப் போகணும். அதற்கு அப்பால் தனியாக ஒரு புள்ளி எடுத்து, ஸ்பீக்கருக்கும் இன்புட்டுக்கும் அங்கிருந்து கிரவுண்ட் கொடு.

டொராய்டல் மட்டும் சும்மா இருக்குமா? அடுத்த அறையில் யாராவது ஹேர் டிரையரைப் பாதி சூட்டில் போட்டால் அதுவே முனக ஆரம்பிக்கும்.

ஈயப்புகை:
ஹேர் டிரையர் விஷயம் உண்மைதான் ஐயா. உள்ளே ஒரு டையோடு பாதி அலையை வெட்டுவதால் மெயின்ஸில் கொஞ்சம் டிசி ஏறும். டொராய்டல் கோர் அதைத் தாங்காது. ஆனால் தினமும் தலை உலர்த்திக்கொண்டேவா பாட்டுக் கேட்கிறோம்?

இரைச்சல்:
கோர் வட்டமா சதுரமா என்று நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள். தம்பி, எனக்கு மூன்று பதில் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கிலோ? லோடு இல்லாமல் எத்தனை வோல்ட்? ஸ்பீக்கர் எத்தனை ஓம்?

தஞ்சை மாணவன்:
மளிகைக் கடைத் தராசில் 1 கிலோ 700 கிராம். ஒவ்வொரு பக்கமும் 26.5 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம், கார் ஸ்பீக்கர்.

இரைச்சல்:
நினைத்தேன். 24-0-24, 5 ஆம்ப் என்றால் 240 விஏ (இரண்டு பக்க வோல்ட்டையும் சேர்த்து ஆம்பால் பெருக்கியது). அந்த அளவு ஈ-ஐ மூன்றரைக் கிலோவாவது வரும். உங்களுடையது 100 விஏ இருந்தாலே அதிகம். நிஜமாகவே 5 ஆம்பாக இருந்தாலும் அது ஏசி கணக்கு. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜும் கண்டென்சரும் தாண்டி டிசியாக ஏறக்குறைய 3 ஆம்ப்தான் எடுக்கலாம்.

அதைவிட வோல்டேஜ்தான் மோசம். 26.5ஐ 1.414ஆல் பெருக்கினால் டிசி ±37 வோல்ட். ராத்திரி மெயின்ஸ் 250க்கு ஏறினால் இரண்டு பக்கமும் சேர்த்து 80ஐத் தாண்டும். ஐசியின் எல்லையே 84. டேட்டாஷீட்டில் 8 ஓமுக்கு ±35இல் 50 வாட், 4 ஓமுக்கு ±28இல் 68 வாட். 4 ஓமுக்கு ±37 கொடுத்து சத்தம் கூட்டினால் ஐசி சூடாகி, அதன் பாதுகாப்பு சர்க்யூட் பாட்டை வெட்டி வெட்டி விடும். உங்களுக்கு 20-0-20 போதும்.

வால்வு ரேடியோ:
வோல்டேஜ் விஷயத்தில் சரி, நானே கேட்டிருக்கணும். எடையை வைத்து மிரட்டாதீர்கள். வீட்டில் பாட்டுக் கேட்க சராசரி இரண்டு வாட்கூட ஆகாது. 100 விஏ தாராளம்.

ஈயப்புகை:
சராசரிக்கு ஓடும். தவில் அடி விழும்போது சப்ளை தொங்கிவிடுமே?

இரைச்சல்:
வாதம் எதற்கு, சோதித்துவிடலாம். 12 வோல்ட் 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு இரண்டை சீரிஸில் சேர்த்து, ஒரு 24 வோல்ட் பக்கத்தில் மாட்டுங்கள். நாலரை ஆம்ப் இழுக்கும். மீட்டரைப் பாருங்கள். பல்பைத் தொடாதீர்கள், சுட்டுவிடும்.

தஞ்சை மாணவன்:
பார்த்தேன். 26.5இலிருந்து நேராக 19. ஐந்து நிமிஷத்தில் வார்னிஷ் வாடை, நிறுத்திவிட்டேன். கடைக்காரரிடம் கேட்டால், "5 ஆம்ப் ஸ்டிக்கர்லதான் தம்பி" என்று சிரிக்கிறார். 200 விஏவில் 20-0-20 டொராய்டல் சொல்லிவிட்டேன். வால்வு ஐயா மன்னிக்கணும்.

ஈயப்புகை:
நல்லது. ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ் போடுங்கள், ஆன் செய்யும் நொடியில் அதிகம் இழுக்கும். நடுவில் போகும் போல்ட்டின் அடி சேசிஸில் இருக்கும், தலை மேல் மூடியைத் தொடவே கூடாது. இரண்டு முனையும் உலோகத்தில் சேர்ந்தால் அதுவே ஷார்ட்டான ஒரு சுற்று. ஃப்யூஸ் போகும், இல்லை டிரான்ஸ்ஃபார்மரே வெந்துவிடும்.

வால்வு ரேடியோ:
ஈ-ஐயில் இந்த போல்ட் தொல்லை கிடையாது. சும்மா சொன்னேன்.