பாசறைப் பெட்டியா, தளவாடப் பெட்டியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழம்பொருள் ஏலப் பட்டியல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'கேம்பெய்ன் செஸ்ட்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டில் போன இடமெல்லாம் கொண்டுபோன இழுப்பறைப் பெட்டி அது. 'படையெடுப்புப் பெட்டி' என்று எழுதிவிட்டேன், ஆனால் மனசுக்கு ஒட்டவில்லை. பேசாமல் 'ராணுவப் பெட்டி' என்றே வைத்துவிடலாமா?

---

> பேசாமல் 'ராணுவப் பெட்டி' என்றே வைத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. ஆங்கிலத்திலேயே 'மிலிட்டரி செஸ்ட்' என்றால் படையின் கஜானா என்றும் ஒரு பொருள் இருந்தது. அந்தக் குழப்பம் நமக்கு எதற்கு? படையெடுப்பும் சரிவராது. படையெடுப்பு என்றால் அடுத்தவர் நாட்டின்மேல் பாய்வது. இந்தப் பெட்டி போருக்குப் போனது மட்டுமல்ல, மாற்றலாகிப் போகிற அதிகாரியோடு ஊர் ஊராகவும் போனது.

போன மாதம் இங்கே இங்கிலாந்தில் ஓர் ஏலக்கூடத்தில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். தேக்கு. மேல்பாதியைத் தூக்கினால் தனிப்பெட்டியாகக் கையோடு வந்துவிடுகிறது. நான்கு கால்களும் திருகு வைத்துக் கடைந்தவை, சுற்றினால் கழன்றுவிடும். மூலைக்கு மூலை பித்தளைப் பூண். மரத்தைச் செதுக்கி மட்டமாகப் பதித்திருக்கிறார்கள், விரலை ஓட்டினால் மேடே தட்டவில்லை. கைப்பிடிகளும் குழிக்குள் படுத்திருந்தன. வண்டியிலும் கப்பலிலும் ஏற்றி இறக்கும்போது எதுவும் இடிபடக் கூடாது, மாட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் இத்தனை பாடு.

கூடத்துக்காரர் ஒரு திருகாணியைக் கழற்றிக் காட்டினார். நுனி மழுங்கல், தலைக்கோடு நடுவை விட்டு விலகியிருந்தது. கூர்நுனித் திருகாணி பரவலானது 1850களுக்குப் பிறகுதான். அப்புறம், இழுப்பறையின் முகப்பில் சின்னப் பெயர்த்தகடு, அதில் ஓர் அதிகாரியின் பெயரும் ரெஜிமெண்டின் எண்ணும். பிரிட்டிஷ் காலாட்படையில் எண்களை எடுத்துவிட்டு ஊர்ப்பெயர்களை வைத்தது 1881இல். ஆக, திருகாணியும் தகடும் ஒரே பக்கம் கைகாட்டின: பெட்டி 1881க்கு முந்தையது. பெயர் கிடைத்துவிட்டால் அச்சான படைப்பட்டியல்களில் ஆளையே தேடலாம். அப்படி ஆள் தெரிந்த பெட்டிக்கு மதிப்பு ஏறும். மேல்பாதி ஒன்றிலிருந்தும் கீழ்பாதி வேறொன்றிலிருந்தும் வந்து சோடி சேர்ந்தது என்றால் விழுந்துவிடும். மரத்தின் ரேகை, பூணின் கனம், இழுப்பறை மூட்டின் பல்வெட்டு மூன்றையும் இரண்டு பாதியிலும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் பட்டியலில் இன்னொரு வகையும் கட்டாயம் வரும். மருந்து, கருவி, தோட்டா வைக்க அரசே கொடுத்த பெட்டிகள். அவற்றில் அம்புக்குறி முத்திரை இருக்கும், அரசு உடைமை என்பதற்கு அடையாளம். கூடவே 'பி.ஓ.' இருந்தால் 1855க்கு முந்தைய ஆயுத வாரியம், 'டபிள்யூ.டி.' இருந்தால் அதற்குப் பிந்தைய போர்த்துறை. முதல் வகையோ அதிகாரி தன் கைக்காசில் வாங்கியது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

அதனால் அதிகாரியின் பெட்டிக்குப் 'பாசறைப் பெட்டி', அரசுப் பெட்டிக்குத் 'தளவாடப் பெட்டி' என்பது என் பரிந்துரை. முல்லைப்பாட்டில் தலைவன் உறக்கமின்றி இருக்கும் இடம் பாசறைதான். போர்க்காலத் தற்காலிக வீடு என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'பாளையம்' என்றும் யோசித்தேன், ஆனால் இன்று அதைக் கேட்டால் ராஜபாளையம்தான் நினைவுக்கு வருகிறது.

---

அக்கா, பாசறைப் பெட்டி மிக நல்லது. மற்றதில்தான் ஒரு சிக்கல். இலங்கையில் எங்களுக்குத் தளபாடம் என்றால் மேசை, கதிரை, அலுமாரி. 'தளவாடப் பெட்டி' என்று வாசித்தால் வீட்டுச் சாமான் என்றே நினைப்போம். அதிகாரியின் பெட்டிதானே உண்மையில் தளபாடம்? உங்கள் இரண்டு சொல்லும் இடம் மாறிப்போகும்.

---

> இரண்டு சொல்லும் இடம் மாறிப்போகும்

இது எனக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. தமிழ்நாட்டில் 'ராணுவத் தளவாடம்' என்று கேட்டே பழகியதால் வந்த பிழை. முன்னால் 'படை' சேர்த்துவிடுவோம்: 'படைத்தளவாடப் பெட்டி'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் இரண்டு கரையிலும் ஒரே பொருள் தரும்.

---

சரி அக்கா. பாசறைப் பெட்டி, படைத்தளவாடப் பெட்டி இரண்டையும் இன்றே பட்டியலில் மாற்றிவிடுகிறேன். 'மூலைப் பூண்', 'குழிக் கைப்பிடி', 'திருகுக் கால்' மூன்றையும் உங்கள் விளக்கத்திலிருந்தே கோத்துக்கொண்டேன். பட்டியலில் 43ஆம் எண் பெட்டியில் அம்புக்குறி இருக்கிறது. அதைப் பாசறைப் பெட்டிகளோடு சேர்த்து வைத்திருந்தேன், பிரித்துவிடுகிறேன்.